மெனுவை பேச வச்சா போதுமா, இல்ல கேமையே மாத்தணுமா?

நீங்க கேட்டது இதுதான்: தனியா உக்காந்து, சீட்டு வச்சு மாறி மாறி ஆடற ஒரு சின்ன கேம் பண்ணியிருக்கீங்க. பார்வையில்லாத ஒரு பிளேயர் மெனுவையே தாண்ட முடியலைன்னு எழுதியிருக்கார். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு குரலை ரெக்கார்ட் பண்ணி சேத்துட்டா போதுமா, இல்ல மொத்த கேமையும் திரும்ப பண்ணணுமா? அடுத்து ஓடி குதிக்கற மாதிரி ஒரு ஆக்ஷன் கேம் யோசிச்சு வச்சிருக்கீங்க, அதுல இதெல்லாம் நடக்குமான்னு வேற ஒரு வால் கேள்வி. எனக்கு இதுல கேக்கறது "இதுல கால வச்சா எங்க போய் முடியும், தனி ஆளா என்னால ஆகுமா"ங்கற பயம், அதனால அதுக்கே பதில் சொல்றேன். நான் பிறவியிலேர்ந்தே பார்வை இல்லாதவன், பள்ளிக்கூட வயசுலேர்ந்து கேம் ஆடறேன், சில வருஷமா சின்ன டீம்களுக்கு காசு வாங்கிட்டு டெஸ்ட் பண்ணித் தர்றேன். புரோகிராம் கோடு எழுதறது அரைகுறைதான். அப்புறம் மங்கலா பார்வை இருக்கறவங்களுக்கு வேணுங்கற பெரிய எழுத்து, கலர், ஜூம் இதெல்லாம் வேற சமாச்சாரம், அதுல என் பேச்சை எடுத்துக்காதீங்க, அவங்கள்ல ஒருத்தரையே கேளுங்க.

கண்ணு தெரியாம எதிரிய எப்படி அடிப்பீங்கன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. நாங்க பெரும்பாலும் தோக்கறது எதிரிகிட்ட இல்லைங்க, அவனைப் பாக்கறதுக்கு முன்னாடியே. புது கேம் ஒண்ண திறக்கறேன்னு வைங்க, நல்லா பாட்டு ஓடுது, அவ்வளவுதான், வேற ஒரு தகவலும் இல்ல. என்டர் தட்டினா டொக்குனு ஒரு சத்தம், திரும்ப தட்டினா அதே டொக்கு. அஞ்சு நிமிஷம் தட்டிக்கிட்டு இருந்துட்டு வீட்டுல யாரையாவது கூப்பிட்டு கேட்டா, "நடுவுல இருக்கற படம் லேசா தெரியற வரைக்கும் வெளிச்சத்தை குறைக்கச் சொல்லுது"ங்கறாங்க. என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியா அது!

அதைத் தாண்டினா அப்புறம் மனப்பாடம்தான். கீழ 3, வலது 1, என்டர், கீழ 2, என்டர், இப்படி ஒவ்வொரு கேமுக்கும் ஒரு வாய்ப்பாடு வச்சிருப்போம், ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குவோம். ஆனா இந்த வாய்ப்பாடு எப்ப காலை வாரும்னு தெரியாது. நான் ஒரு கேமை மூணு வாரமா ஆடிக்கிட்டிருந்தேன், மெயின் மெனுல முதல் ஐட்டம் "தொடரவும்", அதனால திறந்த உடனே கண்ணை மூடிக்கிட்டு என்டர் தட்டுவேன் (மூடாட்டியும் ஒண்ணுதான்). ஒரு நாள் அப்டேட் வந்துச்சு, மேல புதுசா ஒரு அறிவிப்பு பேனல் சேத்து, வரிசையை மாத்தி "புது ஆட்டம்"கறதை மேல கொண்டு வந்துட்டாங்க. என்டர் தட்டினேன், ஏதோ ஒரு பாக்ஸ் வந்த மாதிரி சத்தம் கேட்டுச்சு, வழக்கமா வர்ற செய்தியா இருக்கும்னு இன்னொரு என்டர். அது "பழைய சேவ் அழிஞ்சிடும், சம்மதமா"ன்னு கேட்ட பாக்ஸு, கர்சர் "ஆமாம்" மேலயே உக்காந்திருக்கு. மூணு வார ஆட்டம் போச்சு. சண்டையில செத்திருந்தா கூட இவ்வளவு வயித்தெரிச்சல் இருந்திருக்காது.

சரி, கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் குரல்ல படிச்சுக் காட்டற ஸ்கிரீன் ரீடர் இதை மட்டும் ஏன் படிக்கலைங்கறது நிறைய டெவலப்பர்களுக்கே தெரியறதில்ல. சாதாரண புரோகிராம்ல ஒரு பட்டன் இருந்தா, அது "நான் பட்டன், என் பேரு சேவ், என்னை இப்ப அமுக்கலாம்"னு விண்டோஸ்கிட்ட சொல்லி வச்சிருக்கும், ஸ்கிரீன் ரீடர் அதை எடுத்துப் பேசும். கேமை ஓட்டற எஞ்சின் பெரும்பாலும் அப்படி எதையும் சொல்றதில்ல, நேரா கிராஃபிக்ஸ் கார்டு வழியா புள்ளி புள்ளியா படம் வரையுது. ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியறது ஒரே ஒரு வெறும் ஜன்னல், அதோட தலைப்பை மட்டும் படிச்சுட்டு வாயை மூடிக்கும். படத்துலேர்ந்து எழுத்தைப் பிடிக்கற ஓசிஆர் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர்ல, என்விடிஏ கீயோட ஆர் தட்டினா விண்டோஸ் ஓசிஆர் திரையில இருக்கற எல்லாத்தையும் படிச்சுக் காட்டும், பல கேமை நான் அப்படித்தான் நகர்த்தறேன். ஆனா எட்டு ஐட்டத்தையும் படிக்குமே தவிர, அதுல இப்ப எது மேல கர்சர் இருக்குன்னு சொல்லாது. அது வெறும் கலர் மாத்தம்தானே.

கன்சோல்லயும் இதே கதைதான். எக்ஸ்பாக்ஸ்ல நரேட்டர்ங்கற ஸ்கிரீன் ரீடர் இருக்கு, பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த 2020லேர்ந்தே அதுல ஸ்கிரீன் ரீடர் இருக்கு, நின்டெண்டோ மட்டும் 2025ல ஸ்விட்ச் 2 வர்ற வரைக்கும் இந்தப் பக்கமே திரும்பல. ஆனா இதெல்லாம் கன்சோலோட சொந்த மெனுவைப் படிக்கும், உள்ள ஓடற கேம் தானா எழுத்தை அனுப்பினாத்தான் அதுவும் பேசும்.

இப்ப ரெக்கார்ட் பண்ற விஷயத்துக்கு வர்றேன். பண்ணாதீங்க. நல்ல மனசோட கேக்கறீங்க, ஆனா வேலையும் அதிகம் பலனும் கம்மி. உங்க சீட்டுல எழுதியிருக்கற எண்ணு ஆட்டத்துல மாறும், பிளேயர் பேரு மாறும், அடுத்த அப்டேட்ல வார்த்தை மாறும், ஒவ்வொண்ணுக்கும் மைக் முன்னாடி உக்காருவீங்களா? அதைவிட முக்கியம், நாங்க வேகமா கேக்கற ஆளுங்க. என் ஸ்கிரீன் ரீடர் பேசற வேகத்தை பக்கத்துல இருக்கறவங்க கேட்டா வண்டு ரீங்காரம்னு நினைப்பாங்க. அந்த வேகத்துல பழகினவனுக்கு யாரோ ஒருத்தர் ஆற அமர "செட்... டிங்ஸ்"னு சொல்றது, பின்னாடி ஆள் நிக்கறப்ப ஏடிஎம்ல ஒவ்வொரு ஸ்கிரீனா படிக்கற மாதிரி இருக்கும். எழுத்தை அப்படியே எங்க ஸ்கிரீன் ரீடருக்கு அனுப்பிடுங்க, குரல், வேகம், மொழி எல்லாம் எங்க இஷ்டம், பிரெய்ல் டிஸ்பிளே வச்சிருக்கறவர் விரல்லயே படிச்சுக்குவார். பிசிக்கு டோல்க்னு ஒரு சின்ன லைப்ரரி இருக்கு, பிளேயர்கிட்ட என்விடிஏ ஓடுதா, ஜாஸ்ங்கற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் ஓடுதான்னு அதுவே பாத்து அனுப்பும், எதுவும் ஓடலைன்னா விண்டோஸோட சொந்தக் குரல்ல பேச வைக்கலாம். கோடோங்கற கேம் எஞ்சின்ல 2025ல வந்த 4.5லேர்ந்து ஸ்கிரீன் ரீடர் ஆதரவு உள்ளயே இருக்கு. நீங்க டெஸ்ட் பண்ணிப் பாக்க என்விடிஏ இலவசம், இன்னிக்கே போட்டுக்கலாம்.

ஆனா "எழுத்தை அனுப்பு"ங்கறதோட வேலை முடியல, எதை, எந்த வரிசையில அனுப்பறீங்கங்கறதுதான் இதுல கலை. சவுண்ட் செட்டிங்ஸ்ல கீழ போறேன், "இசை, 70, ஸ்லைடர், 6ல 3"னு வந்தா எனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சு: இது என்ன, இப்ப எவ்வளவுல இருக்கு, எப்படி மாத்தறது, இன்னும் எத்தனை இருக்கு. இதையே "6ல 3ஆவது ஐட்டம், ஸ்லைடர், இசை"ன்னு தலைகீழா சொன்னீங்கன்னா ஒவ்வொரு தடவையும் முழுசா கேட்டாத்தான் விஷயம் வரும். நான் முதல் வார்த்தை காதுல விழுந்ததுமே அடுத்ததுக்குத் தாவிடுவேன், அதனால பேரு முதல்ல, மதிப்பு அடுத்து, மத்ததெல்லாம் வால்ல. நான் தாவினதும் பழைய பேச்சு டக்குனு நிக்கணும், இல்லைன்னா கீழ அம்பு அஞ்சு தடவை தட்டினா அஞ்சு ஐட்டமும் வரிசையா நின்னு ஒப்பிச்சுக்கிட்டிருக்கும். ஸ்லைடரை நகர்த்தும்போது "இசை, இசை"ன்னு திரும்பச் சொல்லாம 75, 80னு எண்ணை மட்டும் சொன்னா போதும். கடைசியா சொன்னதைத் திரும்பச் சொல்ல ஒரு கீ வைங்க. தும்மினேன், கேக்கல, அவ்வளவுதானே.

எல்லாரும் விழற சில குழிகள் இருக்கு. பட்டன் படத்தை எழுத்துக்கு நடுவுல சொருகறது ஒண்ணு: திரையில "தொடர (பட்டன் படம்) அமுக்கவும்"னு இருக்கும், எங்களுக்கு "தொடர அமுக்கவும்"னு வரும், எதை அமுக்க? இன்னும் மோசம், படத்துக்குப் பதிலா உள்ள இருக்கற கோடையே "ஸ்பிரைட் ஈக்வல்ஸ் 14"னு படிக்கும், நான் ஒரு தடவை அதை ஏதோ பாஸ்வேர்டுன்னு நினைச்சு எழுதி வச்சேன். அடுத்தது மவுஸ் மாதிரி சுதந்திரமா திரியற கர்சரை கண்ட்ரோலர்ல வைக்கறது. பாக்க அழகா இருக்கும்போல, எங்களுக்கு அது இருட்டு ரூம்ல ஊசி தேடற வேலை, ஐட்டத்துக்கு ஐட்டம் தாவற முறையும் கூடவே இருக்கணும். பாப்அப் வந்தா கர்சர் அதுக்குள்ள போகணும், வந்த விஷயத்தை அதுவே சொல்லணும், மூடினா விட்ட இடத்துக்கே திரும்பணும். அழிக்கறது, வாங்கறது மாதிரி கேள்விகள்ல கர்சர் "வேண்டாம்"லதான் உக்காரணும் (என் மூணு வாரம்!). அப்புறம், பேசற வசதியையே செட்டிங்ஸுக்குள்ள நாலு படி கீழ ஒளிச்சு வைக்காதீங்க. அதை ஆன் பண்ண மெனுவைப் படிக்கணும், மெனுவைப் படிக்க அது ஆன்ல இருக்கணும். கேம் முதல் தடவை திறக்கும்போதே, அந்த வெளிச்ச ஸ்கிரீனுக்கும் முன்னாடி, ஸ்கிரீன் ரீடர் ஓடுதான்னு பாத்து தானா பேச ஆரம்பிக்கணும். மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் அணுகல் (மாற்றுத்திறனாளிகளும் ஆட வழி பண்றது) வழிகாட்டில 106ஆவது பகுதி முழுக்க திரையைப் பேச வைக்கறதைப் பத்தித்தான், எந்த கன்சோலுக்கு பண்ணாலும் அதை ஒரு தடவை படிங்க.

இப்ப உங்க அதிர்ஷ்டத்தைச் சொல்றேன். சீட்டு கேமுங்கறது யோசிச்சுப் பாத்தா ஒரு பெரிய மெனுதாங்க. கையில இருக்கற சீட்டு ஒரு லிஸ்ட், மேசை மேல இருக்கறது ரெண்டு லிஸ்ட், ஒண்ணைத் தேர்ந்தெடுத்து இன்னொண்ணு மேல வைக்கறோம், நேர நெருக்கடி கிடையாது. அதனால மெனு பேசற அதே வேலையை மேசைக்கும் நீட்டினா முடிஞ்சுது, ஆட்ட விதி ஒண்ணையும் தொட வேண்டாம். இது சும்மா தைரியம் சொல்றதில்ல, ஹார்த்ஸ்டோன் சீட்டு கேமுக்கு ஹார்த்ஸ்டோன் ஆக்சஸ்னும், ஸ்லே தி ஸ்பையருக்கு சே தி ஸ்பையர்னும் ஆர்வலர்கள் வெளியிலேர்ந்தே மோட் (கேம் மேல ஒட்ட வைக்கற கூடுதல் புரோகிராம்) எழுதி, நாங்க அதுல ஆடியிருக்கோம். கேமோட கோடு கையில இல்லாத ஆளுங்களே செஞ்சது, கோடு எழுதின உங்களுக்கு முடியாதா? கூடுதலா வேணுங்கறது ரெண்டே ரெண்டு. எந்த நேரத்துலயும் ஒரு கீல "என் உயிர் எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு, எத்தனை சீட்டு பாக்கி"ன்னு கேட்டுக்கற வசதி, ஏன்னா கண்ணால ஓரமா பாத்துக்கறது எங்களுக்கு கிடையாது. ரெண்டாவது, எதிராளி ஆடும்போது நடக்கறதை வரிசையா சொல்றது, கூடவே பின்னாடி போய் படிச்சுக்கற மாதிரி ஒரு பதிவு. எதிராளி மூணு சீட்டை அனிமேஷனோட படபடன்னு இறக்கிட்டு "உங்க முறை"ன்னா நடுவுல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? முன்னாடி பேச்சை வெட்டச் சொன்னேன்ல, இங்க மட்டும் வெட்டாம வரிசையில நிறுத்துங்க.

ஆக்ஷன் கேம் வேற உலகம். முடியாதுன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா முடிஞ்சிருக்கு. ஃபைட்டிங் கேம்களை நாங்க எந்த வசதியும் இல்லாத காலத்துலேர்ந்தே ஆடறோம், ரெண்டே ஆளு, இடது வலதுன்னு ஒரே நேர்கோடு, ஒவ்வொரு அடிக்கும் தனி சத்தம், ஹெட்போன்ல கேட்டா எதிராளி எந்தப் பக்கம்னு தெரியும். 2023ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல எதிராளி எவ்வளவு தூரத்துல இருக்கான், வர்ற அடி மேலயா கீழயாங்கறதுக்கெல்லாம் தனித்தனி சத்தம் வச்சிட்டாங்க. நடந்து சுத்தற 3டி கேம்ல திருப்புமுனைன்னா 2020ல வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, அதுல அணுகல் செட்டிங்ஸ் மட்டும் 60க்கு மேல. இடது ஸ்டிக்கை அமுக்கினா போக வேண்டிய திசையைப் பாத்து ஆள் திரும்பிக்கும், குதிக்கணுமா குனியணுமாங்கறதுக்கு ஒவ்வொரு சத்தம், அந்த சத்தத்தையெல்லாம் முன்கூட்டியே கேட்டு பழகிக்க ஒரு அகராதி வேற. முழுசா பார்வை இல்லாதவங்க உதவி இல்லாம முடிச்சாங்க. நான் அதுல முதல் தடவை ஒரு பள்ளத்தை தானா தாண்டினப்ப கண்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 2023ல ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்ல காரையே ஓட்ட விட்டாங்க, ரோட்டு ஓரம் நெருங்கினா அந்தப் பக்கக் காதுல சத்தம், வளைவு வர்றது, பிரேக் பிடிக்கறது எல்லாம் காதுலயே. லாஸ்ட் ஆஃப் அஸ், ஃபோர்சா ரெண்டுக்கும் ஆலோசகரா இருந்த பிராண்டன் கோல் பார்வை இல்லாதவர், வித்தியாசம் அங்கதான் வந்துச்சுன்னு நான் நம்பறேன்.

உங்களோடது பக்கவாட்டுல ஓடற 2டி கேம்னா பொழச்சீங்க. இடது வலது ஹெட்போன் பாத்துக்கும், உயரத்துக்கு சுருதியை ஏத்தி இறக்கலாம், பள்ளத்தோட விளிம்புக்கு ஒரு சத்தம். 3டின்னா முன்னாடி பின்னாடிங்கறது தலைவலி, சாதாரண ஸ்டீரியோல ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும், அதனால பின்னாடி இருக்கறதை கொஞ்சம் அமுங்கின சத்தமா மாத்தறதுன்னு ஏதாவது தந்திரம் பண்ணியாகணும். சத்தம் சுத்தி எல்லாப் பக்கத்துலேர்ந்தும் வர்ற மாதிரி காட்டற ஹெட்போன் ஸ்பேஷியல் ஆடியோ இதைத் தீத்துடும்னு விளம்பரத்துல சொல்றாங்க, என் காதுக்கு பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான், ஒவ்வொருத்தர் காது மடலும் வேற வேற வடிவம், ஒருத்தருக்கு துல்லியமா கேக்கறது இன்னொருத்தருக்கு கேக்காது.

இதுவரைக்கும் மெனு பத்தி சொன்னதுல எனக்கு சந்தேகமே இல்ல, எந்தப் பார்வையில்லாத பிளேயரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வாங்க. ஆக்ஷன் கேம்ல அப்படி இல்ல, எங்களுக்குள்ளயே சண்டை நடக்குது. தானா குறி பாக்கறது, தானா வழி காட்டறது எல்லாம் சேந்துட்டா, ஆடறது நானா கேமாங்கறது ஒரு கேள்வி. சிலருக்கு கதை போனா போதும், எனக்கு வழி தொலைஞ்சு தட்டுத் தடுமாறி நானே கண்டுபிடிக்கலைன்னா சப்புனு இருக்கும். எவ்வளவு சத்தம் போதும்ங்கறதும் அப்படித்தான், எல்லாத்துக்கும் பீப் வச்சா சந்தைக் கடையா போயிடும். அதனால உதவிகளை ஒரே சுவிட்சா கட்டாம தனித்தனியா அணைக்கற மாதிரி வைங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி வால்யூம் இருந்தா இன்னும் நல்லது. திரையை ஏஐ பாத்து வர்ணிச்சுடுமே, டெவலப்பர் எதுக்கு மெனக்கெடணும்னும் சிலர் சொல்றாங்க. நின்னு நிதானமா ஒரு படத்தை விவரிக்க அது எனக்கு உதவியிருக்கு, ஓடற ஆட்டத்துக்கு இன்னும் மெதுவு, இல்லாத பட்டனை இருக்குனு சொன்னதும் உண்டு. என் சேவ் ஃபைலை அதை நம்பி விட மாட்டேன்.

சட்டம் கட்டாயப்படுத்துதேன்னு யாராவது பயமுறுத்தினா, அமெரிக்காவோட 2010 சட்டம் ஒண்ணு இருக்கு, கேம்களுக்குக் கொடுத்த விலக்கு 2018 கடைசியோட முடிஞ்சுது, ஆனா அது பேசறது கேமுக்குள்ள இருக்கற சாட் மாதிரி தொடர்பு வசதிகளையும் அதுக்குப் போற வழியையும் பத்தித்தான், ஆட்டத்தைப் பத்தி இல்ல.

டெஸ்டிங்னா மானிட்டரை அணைச்சுட்டு ஆடிப் பாக்கறேன்னு கிளம்பாதீங்க. அந்த மெனுவை வரைஞ்சதே நீங்க, அது உங்களுக்கு மனப்பாடம், பேசாட்டியும் போய்ச் சேந்துடுவீங்க. கேமைப் பாக்காத ஒரு நண்பரை உக்கார வச்சு, திரையை மூடி, "இசையைக் குறைச்சுட்டு ஒரு ஆட்டம் ஆரம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயைத் திறக்காம இருங்க, அரை மணி நேரத்துல பாதி ஓட்டை வெளிய வந்துடும். மீதிக்கு எங்கள்ல ஒருத்தர் வேணும், முடிஞ்சா காசு கொடுத்து.

அந்த ஆள் உங்களுக்கு ஏற்கனவே எழுதியிருக்காரே. எந்த ஸ்கிரீன் ரீடர், கீபோர்டா கண்ட்ரோலரா, எந்த இடத்துல நின்னுச்சுன்னு இன்னிக்கே ஒரு பதில் போடுங்க. எல்லாத்தையும் முடிச்சுட்டு அனுப்பறேன்னு ஆறு மாசம் இழுக்காதீங்க, மெயின் மெனுவும் செட்டிங்ஸும் மட்டும் பேசற ஒரு பில்டை அனுப்புங்க, சீட்டு பேசலைன்னாலும் பரவாயில்ல. வெளியேறற பட்டன் மட்டும் கண்டிப்பா பேசணும், எத்தனையோ கேம்லேர்ந்து நான் ஆல்ட் எஃப்4 தட்டித்தான் வெளிய வந்திருக்கேன்.